லீவு ஷீட்டிலிருந்து பொதுக் கேலண்டருக்கு: ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஓர் அறிமுகம்

யார் எந்த நாளில் லீவு என்ற விவரம் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கும். குழு முழுவதும் பார்ப்பதோ கூகுள் கேலண்டரை. நடுவில் ஒருவர் ஷீட்டைப் பார்த்துப் பார்த்துக் கேலண்டரில் பதிந்துகொண்டிருப்பார். பதினைந்து பேர் உள்ள அலுவலகத்தில்கூட இது சில வாரங்களில் பிசகிவிடும். ஒருவர் லீவை ரத்து செய்வார். ஷீட்டில் மாறும், கேலண்டரில் மாறாது. இரண்டு முறை அப்படி நடந்தால் கேலண்டரை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த வேலையை நூறு வரிக்குள் அடங்கும் ஒரு ஸ்கிரிப்ட்டிடம் (சிறு நிரலிடம்) கொடுத்துவிடலாம். கூகுள் 2009-இல் கொண்டுவந்த ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அதற்குப் போதும். மொழி ஜாவாஸ்கிரிப்ட்தான். கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். நாம் எழுதும் கோடு, அதாவது நிரல் வரிகள், கூகுளின் சர்வரிலேயே ஓடும். சாதாரண ஜிமெயில் கணக்கிலும் இலவசமாகக் கிடைக்கும். ஷீட்டைத் திறந்து 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மெனுவில் 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்பதைத் தட்டினால் எடிட்டர் வந்துவிடும்.

கோடு எழுதத் தொடங்கும் முன் இரண்டு முடிவுகளை எடுத்துவிட வேண்டும். முதலாவது, எது மூலம், எது நகல்? ஷீட் மூலம், கேலண்டர் அதன் நகல் என்று வைத்துக்கொள்வதே தொடக்கத்தில் சரி. தகவல் ஷீட்டிலிருந்து கேலண்டருக்கு மட்டும் போகட்டும். இரு பக்கமும் திருத்தலாம், இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஒரே லீவை ஒருவர் ஷீட்டிலும் இன்னொருவர் கேலண்டரிலும் வேறுவேறாக மாற்றும்போது யார் சொல்வதை எடுப்பது என்ற கேள்வி வரும். அந்தச் சிக்கலுக்குள் முதல் ஸ்கிரிப்ட்டிலேயே போக வேண்டாம்.

இரண்டாவது முடிவுதான் இந்த வேலையின் உயிர். ஸ்கிரிப்ட்டை ஒரு முறை ஓட்டினாலும் ஐம்பது முறை ஓட்டினாலும் கேலண்டர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் 'ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஈவென்ட் (கேலண்டர் பதிவு) போடு' என்று எழுதிவிடுவார்கள். முதல் நாள் அழகாக வேலை செய்யும். மறுநாள் காலை அது தானாக ஓடும்போது ஒவ்வொரு லீவும் இரண்டாகும், அடுத்த நாள் மூன்றாகும். இதைத் தவிர்க்க, போட்ட ஈவென்ட் எது என்பதை ஸ்கிரிப்ட் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் கூகுள் ஒரு ஐடி கொடுக்கிறது. அந்த ஐடியை அதே வரிசையில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை ஓடும்போது இந்த வரிசைக்கு ஏற்கெனவே ஈவென்ட் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேலண்டரும் ஷீட்டும்

முதலில் சோதனைக்கென்று ஒரு தனி கேலண்டர் உருவாக்குங்கள். அலுவலகத்தின் உண்மையான கேலண்டரைத் தொடவே வேண்டாம். கணினி பிரவுசரில் கூகுள் கேலண்டரைத் திறந்து, இடப்பக்கம் 'அதர் கேலண்டர்ஸ்' அருகில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் புதியது உருவாக்கும் வழி வரும். பிறகு அதன் செட்டிங்ஸில் 'இன்டிகிரேட் கேலண்டர்' என்ற பகுதிக்குப் போனால் கேலண்டர் ஐடி தெரியும். மின்னஞ்சல் முகவரி போலவே இருக்கும் அந்த நீளமான எழுத்துச் சரத்தை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள்.

அதே செட்டிங்ஸில்தான் யாருக்கு என்ன அனுமதி என்பதும் இருக்கிறது. நான்கு படிகள் உண்டு: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, முழு விவரமும் பார்ப்பது, ஈவென்ட்களைத் திருத்துவது, திருத்துவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. ஸ்கிரிப்ட்டை ஓட்டும் கணக்குக்குக் குறைந்தது மூன்றாம் படியாவது வேண்டும். குழுவில் மற்ற எல்லோருக்கும் இரண்டாம் படி போதும். ஷீட்தான் மூலம் என்று முடிவு செய்த பிறகு, கேலண்டரில் நேரடியாகக் கை வைக்கும் வசதியை எல்லோருக்கும் கொடுத்தால் அந்த முடிவுக்கு அர்த்தமில்லை.

ஷீட்டில் ஆறு நெடுவரிசைகள்: பெயர், தொடக்க நாள், கடைசி நாள், நிலை, ஈவென்ட் ஐடி, குறிப்பு. நிலை என்ற இடத்தில் 'கோரிக்கை', 'ஒப்புதல்', 'ரத்து' என்ற மூன்று சொற்களில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி டிராப்டவுன் வைத்துவிடுங்கள். கையால் தட்டச்சு செய்ய விட்டால் 'ஒப்புதல்' என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு அது வேறு சொல். ஈவென்ட் ஐடி உள்ள நெடுவரிசையை 'டேட்டா' மெனுவில் உள்ள பாதுகாப்பு வசதியால் பூட்டி, ஸ்கிரிப்ட் ஓடும் கணக்குக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள்.

இன்னொன்று, லீவுக்கான காரணத்தைக் கேலண்டருக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா, குடும்பப் பிரச்சினையா என்பது பொதுக் கேலண்டரில் இருக்க வேண்டிய செய்தியே அல்ல. தலைப்பில் பெயரும் 'லீவு' என்ற சொல்லும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு கேள்விகள்

ஸ்கிரிப்ட்டின் உடல் ஒரே ஒரு லூப், அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. ஷீட்டின் எல்லா வரிசைகளையும் ஒரே வீச்சில் படித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நிலை 'ஒப்புதல்', ஐடி காலியா? ஈவென்ட் போடு, கிடைத்த ஐடியை அதே வரிசையில் எழுது.

நிலை 'ஒப்புதல்', ஐடி இருக்கிறதா? அந்த ஈவென்ட்டை எடுத்துத் தலைப்பும் தேதியும் ஷீட்டோடு பொருந்துகிறதா என்று பார்; மாறியிருந்தால் மட்டும் திருத்து.

நிலை 'ரத்து', ஐடி இருக்கிறதா? ஈவென்ட்டை நீக்கு, ஐடியைத் துடை.

மற்றபடி எதுவானாலும் தாண்டிப் போ.

கோடில் இதற்குத் தேவைப்படும் சேவையின் பெயர் 'கேலண்டர்ஆப்'. எடிட்டரில் அதைத் தட்டி ஒரு புள்ளி வைத்தால், என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் தானே விரியும். ஐடி கொடுத்துக் கேலண்டரை எடுப்பது 'கெட்கேலண்டர்பைஐடி'. முழுநாள் ஈவென்ட் போடுவது 'கிரியேட்ஆல்டேஈவென்ட்'. நேரம் குறித்த ஈவென்ட்டுக்கு 'கிரியேட்ஈவென்ட்'. பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் பிழைதான். கேலண்டர் ஐடி தவறாக இருந்தாலோ அனுமதி இல்லாமல் இருந்தாலோ, கேலண்டரை எடுக்கும் வரியில் பிழை வராது. 'நல்' என்ற வெறுமைதான் திரும்பி வரும். பிழைச் செய்தி அடுத்த வரியில் விழும். அதனால் எடுத்த உடனேயே வெறுமையா என்று பார்த்து, தெளிவான ஒரு செய்தியோடு ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடுவது நல்லது.

ஐடியை எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா ஈவென்ட்களையும் போட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாக ஐடிகளை எழுதலாம் என்று தோன்றும். ஷீட்டில் எழுதும் வேகத்துக்கு அது நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே கூடாது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் கொடுக்கும். ஐந்நூறு வரிசையில் முந்நூறாவதில் நேரம் முடிந்தால், முந்நூறு ஈவென்ட்கள் கேலண்டரில் இருக்கும், ஒரு ஐடிகூட ஷீட்டில் இருக்காது. அடுத்த ஓட்டம் அந்த முந்நூறையும் மறுபடி போடும். எனவே ஒவ்வொரு ஈவென்ட்டும் உருவானவுடன் ஐடியை எழுதி, 'ஸ்ப்ரெட்ஷீட்ஆப்' சேவையின் 'ஃப்ளஷ்' கட்டளையையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதும் வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு செய்யும்.

ஷீட்டில் வரிசையை நீக்கக் கூடாது என்று குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். வரிசை போனால் ஐடியும் போய்விடும். கேலண்டரில் அந்த லீவு அநாதையாக நிற்கும், ஸ்கிரிப்ட்டுக்கு அது இருப்பதே தெரியாது. லீவு வேண்டாமென்றால் நிலையை 'ரத்து' ஆக்க வேண்டும், அவ்வளவுதான். வரிசைப்படுத்தும்போதும் முழு அட்டவணையையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசையாக்கினால், ஒருவருடைய ஐடி இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய் நிற்கும். அடுத்த ஓட்டத்தில் எல்லா ஈவென்ட்களின் தலைப்பும் மாறிவிடும்.

யாராவது கேலண்டரிலேயே ஈவென்ட்டை நீக்கியிருந்தால்? ஐடி ஷீட்டில் இருக்கும், ஈவென்ட் இருக்காது. திருத்தப் போகும்போது பிழை வந்து மொத்த ஓட்டமும் அந்த வரிசையிலேயே நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு வரிசையின் வேலையையும் தனித்தனியாக, பிழை வந்தாலும் ஓட்டம் நின்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் 'டிரை', 'கேட்ச்' என்ற கட்டமைப்புக்குள் வையுங்கள். பிழை வந்தால் அந்தச் செய்தியைக் குறிப்பு நெடுவரிசையில் எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகட்டும். ஷீட்டைப் பார்க்கிறவருக்கே எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும்.

தேதியும் நேரமும்

இந்த வகை ஸ்கிரிப்ட்களில் வரும் குழப்பங்களில் பெரும்பங்கு தேதியில்தான்.

ஜனவரி 15 முதல் 17 வரை லீவு. முழுநாள் ஈவென்ட்டுக்குத் தொடக்கம் 15, முடிவு 17 என்று கொடுத்தால் கேலண்டரில் 15, 16 மட்டுமே தெரியும். முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதே விதி. கூகுள் மட்டுமல்ல, கேலண்டர் செயலிகள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் ஐகேலண்டர் என்ற தரமும் அப்படித்தான் கணக்கிடுகிறது. ஆகவே முடிவாக 18 கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூட்டும்போது 24 மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். தேதி எண்ணில் ஒன்றைக் கூட்டுங்கள். இந்தியாவில் வித்தியாசம் தெரியாது. ஆனால் குழுவில் ஒருவர் லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்து, ஸ்கிரிப்ட்டும் அந்த ஊர் நேரத்தில் ஓடினால், கோடைகால நேர மாற்றம் வரும் நாள்களில் ஒரு நாளுக்கு 23 மணி நேரமோ 25 மணி நேரமோ இருக்கும். 31-ஆம் தேதிக்கு மேல் ஒன்று கூட்டினால் அடுத்த மாதத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் தானே நகர்த்திவிடும், கவலை வேண்டாம். ஆனால் அதே மொழியில் மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன: ஜனவரி 0, டிசம்பர் 11. கோடில் கையால் தேதி எழுதும்போது இதை மறந்தால் எல்லாமே ஒரு மாதம் தள்ளிப் போகும்.

அடுத்தது நேர மண்டலம். இது மூன்று இடங்களில் தனித்தனியாக இருக்கிறது: ஷீட்டின் செட்டிங்ஸில், ஸ்கிரிப்ட்டின் புராஜெக்ட் செட்டிங்ஸில், கேலண்டரின் செட்டிங்ஸில். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷீட் இந்திய நேரத்திலும் ஸ்கிரிப்ட் நியூயார்க் நேரத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் ஜனவரி 15 என்பது இந்திய நேரப்படி 15-ஆம் தேதி நள்ளிரவு. அந்த நொடியில் நியூயார்க்கில் 14-ஆம் தேதி பிற்பகல் 1:30. ஸ்கிரிப்ட் 14-ஆம் தேதிக்கு லீவு போட்டுவிடும். 'எல்லாமே ஒரு நாள் முன்னால் விழுகிறது' என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மீட்டிங் ரூம் பதிவு போல மணி நேரமும் சேர்ந்தால் இன்னொரு விசித்திரம் காத்திருக்கிறது. ஷீட்டின் ஒரு கட்டத்தில் தேதி இல்லாமல் காலை 9:00 என்று நேரத்தை மட்டும் போட்டால், ஸ்கிரிப்ட்டின் கையில் அது 1899 டிசம்பர் 30, காலை 9:00 என்று வந்து சேரும். ஷீட்டின் நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. 1899-இல் ஐந்தரை மணி நேர வித்தியாசம் கொண்ட இந்தியப் பொது நேரம் கிடையாது; அது 1906 ஜனவரி 1 முதல்தான் வந்தது. அதற்கு முன் ரயில்வேக்கள் பின்பற்றியது சென்னை வானாய்வகத்தின் மெட்ராஸ் நேரம். கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் இந்த வரலாற்றை வைத்திருக்கிறது: 1899-க்கு இந்திய நேரம் என்று கேட்டால் 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்ற மெட்ராஸ் நேரக் கணக்கைத்தான் அது எடுக்கும். அந்த நேரத்தை எங்காவது ஐந்தரை மணிக் கணக்கில் மாற்றினால் 9:00 என்பது 9:08:50 ஆகிவிடும். கோடில் எங்கே தேடினாலும் இந்த 8 நிமிடம் 50 நொடிக்குக் காரணம் கிடைக்காது.

தீர்வு எளிது. நேரத்தைத் தேதி மதிப்பாக எடுக்காமல், கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே எடுக்கும் 'கெட்டிஸ்ப்ளேவேல்யூஸ்' என்ற வழியைப் பயன்படுத்துங்கள். '09:00' என்ற சரம் கிடைக்கும். முக்காற்புள்ளியில் பிரித்து மணியையும் நிமிடத்தையும் எண்ணாக்கி, உரிய நாளின் மேல் அமைத்துவிடலாம். இதற்காக அந்த நெடுவரிசையின் வடிவத்தை 24 மணி முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒப்பீடு போதும்: புதியதன் தொடக்கம் பழையதன் முடிவுக்கு முன்னும், புதியதன் முடிவு பழையதன் தொடக்கத்துக்குப் பின்னும் இருந்தால் மோதல். இரண்டும் ஒருசேர உண்மையாக வேண்டும். 10 மணிக்கு முடிவதும் 10 மணிக்குத் தொடங்குவதும் மோதாது.

தானாக ஓட வைப்பது

எடிட்டரின் இடப்பக்கம் உள்ள கடிகாரச் சின்னம்தான் டிரிகர், அதாவது ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட வைக்கும் ஏற்பாடு. தினமும் காலை 6 முதல் 7 மணிக்குள் என்று வைத்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிமிடத்தில் ஓடும். சரியாக 6:00 என்று கேட்க முடியாது. லீவு கேலண்டருக்கு இது தாராளம். ஓட்டம் தோல்வியடைந்தால் வரும் மின்னஞ்சலை 'உடனடியாக' என்று மாற்றிவிடுங்கள்.

ஷீட்டில் மாற்றம் செய்தவுடனேயே ஓட வேண்டும் என்று நினைத்து, பலர் 'ஆன்எடிட்' என்ற பெயரில் ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கும் நிரல் பகுதி) எழுதுவார்கள். அது தானாக ஓடும், ஆனால் கேலண்டரைத் தொடும் இடத்தில் அனுமதி இல்லை என்று நின்றுவிடும். அந்தப் பெயரால் ஓடும் எளிய டிரிகருக்கு, அனுமதி தேவைப்படும் எந்தச் சேவையையும் தொட உரிமை கிடையாது. ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைத்து, கடிகாரச் சின்னத்தின் வழியாக 'ஆன் எடிட்' டிரிகரை நீங்களே நிறுவினால் வேலை செய்யும்.

டிரிகர் யார் நிறுவினாரோ அவருடைய கணக்கில் ஓடும். அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடப்பட்டால் டிரிகரும் நின்றுவிடும், கேலண்டர் சத்தமில்லாமல் பழையதாகிக்கொண்டே போகும். அலுவலகத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கு வைத்து அதிலிருந்து நிறுவுவதே சரி. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஃபங்ஷனுக்கு டிரிகர் நிறுவிவிடுவதும் நடக்கும். இருவருடையதும் ஒரே சமயத்தில் ஓடினால், ஐடி எழுதப்படும் முன் இரண்டாவது ஓட்டம் அதே வரிசையைக் காலியாகப் பார்த்து இன்னொரு ஈவென்ட் போட்டுவிடும். ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே 'லாக்சர்வீஸ்' மூலம் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டால், ஒன்று முடியும் வரை மற்றது காத்திருக்கும். மூன்று நான்கு வரிதான், ஆனால் அவற்றை விட்டுவிடாதீர்கள்.

அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000 ஈவென்ட்கள் வரை உருவாக்கலாம், அலுவலகங்களுக்கான ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் 10,000. டிரிகர்கள் ஓடும் மொத்த நேரம் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 90 நிமிடம். லீவு கேலண்டர் இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் குறுகிய நேரத்தில் சரசரவென்று நூற்றுக்கணக்கில் போட்டால், நாள் வரம்பைத் தொடாமலே 'மிகக் குறைந்த நேரத்தில் மிக அதிகமான ஈவென்ட்கள்' என்ற பிழை வரும். ஈவென்ட் போட்டபின் 'யூட்டிலிட்டீஸ்' சேவையின் 'ஸ்லீப்' கொண்டு ஒரு நொடி நிறுத்துங்கள். மாறாத வரிசையைத் திருத்தாமல் விடுவதும் இதற்காகத்தான்.

விருந்தினர் பட்டியலில் ஆட்களைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். அழைப்பு அனுப்பும் விருப்பத்தை ஆன் செய்து சோதனை ஓட்டினால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் போகும். பகிர்ந்த கேலண்டரில் எல்லோருக்கும் லீவு தெரியத்தான் போகிறது, அழைப்பு தேவையில்லை.

முதன்முதலில் ஓட்டும்போது அனுமதி கேட்கும் திரை வரும். சொந்த ஜிமெயிலில் எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு 'கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை' என்ற எச்சரிக்கையும் வரலாம். நீங்களே எழுதிய கோடு என்றால் 'அட்வான்ஸ்டு' வழியாகத் தாண்டிப் போகலாம். வேறெங்கோ காப்பி செய்த கோடு என்றால், ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே அனுமதி கொடுங்கள். உங்கள் கேலண்டர்கள் அனைத்தையும் படிக்கவும் அழிக்கவும் அந்த ஒரு அனுமதி போதும்.

அலுவலகம் அவுட்லுக்கில் இருந்தால் மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்ற இடைமுகத்தை பவர்ஷெல்லிலிருந்தோ பைத்தானிலிருந்தோ அழைத்து இதே வேலையைச் செய்யலாம். கோடு எழுத விருப்பமில்லாதவர்களுக்குப் பவர் ஆட்டோமேட் இருக்கிறது. பெயர்கள் மாறும், நான்கு கேள்விகள் மாறாது. கூகுள் கேலண்டரின் நேரடி ஏபிஐயை (நிரல்கள் பேசும் இடைமுகத்தை) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: ஈவென்ட்டின் ஐடியை நாமே கொடுக்கலாம். ஆங்கிலத்தின் முதல் 22 சிற்றெழுத்துகளும் 0 முதல் 9 வரையுள்ள எண்களும் மட்டும் வரலாம், நீளம் குறைந்தது 5. ஊழியர் எண்ணையும் தொடக்கத் தேதியையும் கோர்த்து ஐடி செய்துவிட்டால், அதே லீவை இரண்டாம் முறை போட முயன்றால் 409 என்ற பிழையோடு கூகுளே தடுத்துவிடும்.

எழுதி முடித்ததும் சோதனை கேலண்டரில் ஐந்து வரிசைகளோடு பாருங்கள்: ஒரு நாள் லீவு, மூன்று நாள் லீவு, மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மாதத்தில் முடிவது, ரத்தானது, இன்னும் கோரிக்கை நிலையில் இருப்பது. ஓட்டுங்கள், மூன்று ஈவென்ட்கள் வர வேண்டும். எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டுங்கள். மூன்றாகவே இருக்க வேண்டும். ஒரு தேதியை மாற்றி ஓட்டுங்கள், ஒன்றை ரத்து செய்து ஓட்டுங்கள், கேலண்டரிலேயே ஒன்றைக் கையால் நீக்கிவிட்டும் ஓட்டுங்கள். எல்லாம் சரியென்றால் கோடில் உள்ள கேலண்டர் ஐடியை அலுவலகக் கேலண்டரின் ஐடியாக மாற்றலாம். மாற்றும் முன் ஷீட்டின் ஈவென்ட் ஐடி நெடுவரிசையை முழுவதும் காலி செய்துவிடுங்கள். அங்கே இருப்பவை சோதனை கேலண்டரின் ஐடிகள். அவை இருக்கும் வரை புதிய கேலண்டரில் அந்த வரிசைகளுக்கு ஈவென்ட் உருவாகாது.